தாய் போர்டு பேரில் ஒரு வரி

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் அக்தர் பானுவுக்கு ஒரு பேர் உண்டு. "பானு பாத்தாச்சா? அப்போ கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்கலே" என்பார் மேனேஜர் தேவசிகாமணி. இப்படி ஒரு பேர் எடுத்துவிட்டால் எந்த மனுஷிக்கும் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். அவளுக்கும் கனத்தது. ஆனால் அது கனம் என்று தெரியாமல், நிமிர்ந்து நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

மேலப்பாளையத்துக்காரி. படித்தது பக்கத்திலேயே, வேலை பார்த்தது பெங்களூரில், கல்யாணம் கட்டித் திரும்பி வந்தது மறுபடி மேலப்பாளையத்துக்கே. புருஷன் மீரா முகைதீனுக்கு பஜாரில் செருப்புக் கடை. மகள் அர்வா பள்ளிக்கூடம் போகிறாள். பானு டிரைவர் எழுதுகிறாள் என்று கேள்விப்பட்ட மாமியார், 'வேன் ஓட்டவா படிச்சு, பெங்களூர் வரைக்கும் போயிட்டு வந்தா?' என்று ரொம்ப நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாளாம். இது வேறு டிரைவர். கம்ப்யூட்டருக்கும் அதில் செருகும் கார்டுக்கும் நடுவே நின்று, இவன் சொல்வதை அவனுக்கும் அவன் சொல்வதை இவனுக்கும் புரியவைக்கிற நிரல். அது இல்லையென்றால் கார்டு வெறும் பச்சைத் தகடுதான்.

கம்பெனி செய்து விற்றது நூல் மில்களுக்கான ஒரு பெட்டி. ஸ்பின்னிங் மெஷினில் எங்கே நூல் அறுந்தாலும் கண்டுபிடித்துச் சொல்லும். பெட்டிக்குள்ளே பெரிதாக ஒரு போர்டு. அதற்கு அங்கே தாய் போர்டு என்றே பேர். அதில் கனெக்டர் பின்களால் செருகுகிற சின்ன கார்டு பிள்ளை கார்டு. பிள்ளை கார்டை வடிவமைத்து, முதல் சிலதைத் தன் கையாலேயே ஈயம் உருக்கி சால்டரிங் செய்தவர் கிளமென்ட். கடலோர உவரிக்காரர், பானுவைப் போலவே இன்ஜினியர். அதிகம் பேசமாட்டார். அந்தக் கார்டைக் கையில் எடுக்கும்போது மட்டும் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும்.

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை கார்டைக் கழற்றி வேறு மாட்டலாம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. கழற்றினால் டிரைவர் வெளியே போகும், மாட்டினால் உள்ளே வரும். அப்படித்தான் பேச்சு. ஆனால் ஒரு மில்லிலிருந்து புகார் வந்தது. போன டிரைவர் திரும்பி உள்ளே வரமாட்டேன் என்கிறதாம். பெட்டியையே முழுசாக அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறதாம். அதுவரைக்கும் அந்த வரிசை மெஷினுக்குக் கண் அவிந்துபோய்க் கிடக்கிறதாம்.

மீட்டிங் போட்டார்கள். தேவசிகாமணி ரொம்ப நயமாகத்தான் கேட்டார்.

"ஏம்மா பானு, ஒருவேளை டிரைவர்ல ஏதும் இருக்குமோ?"

அந்தக் கேள்வியே அவளுக்கு முள்ளாகக் குத்தியது. "என் டிரைவர்ல என்ன சார் இருக்கு? பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா ஓடுதுல்லா? டிரைவர் கோளாறுன்னா அப்பவும்லா ஓடக்கூடாது? கார்டைக் கழத்தி மாட்டினாத்தான் கோளாறு வருது. அப்போ கனெக்டர் பின்னு சரியாப் பிடிக்கலன்னு அர்த்தம்."

கிளமென்ட் மெதுவாகச் சொன்னார். "மேடம், நான் கழத்தி மாட்டி, ஒவ்வொரு பின்னையும் மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். எல்லாம் நல்லாப் பிடிக்கி. எதுக்கும் டிரைவர் பக்கமும் ஒருவாட்டி…"

அவர் முடிக்கவில்லை. நரம்பில்லாத நாக்கு என்று சும்மாவா சொன்னார்கள்! பானுவின் நாக்கு அதற்குள் புரண்டுவிட்டது.

"சார், கிளமென்ட்டு உப்புக்காத்து ஊர்ல வளந்தவரு. அவரு கை பட்டா தங்கமும் துருப்பிடிக்கும் போல."

அறை முழுக்கச் சிரிப்பு. தேவசிகாமணி மேசையைத் தட்டிச் சிரித்தார். கிளமென்ட்டும் சிரித்தார். எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் சண்டைக்காரன் ஆகிவிடுவோம் என்று பயந்து சிரிக்கிற சிரிப்பு அது. பானு அதைப் பார்த்தாள். பார்த்தும் தன் பகடி எடுபட்டதில் அவளுக்கு உள்ளூர ஒரு திருப்திதான்.

அந்தச் சிரிப்பிலேயே தீர்ப்பும் முடிந்துபோயிற்று. சென்னையிலிருந்து புது கனெக்டர் வரவழைப்பது, அது வருகிற வரைக்கும் கிளமென்ட் பேக்கிங் பக்கம் பார்த்துக்கொள்வது. "ஏலே கிளமென்ட்டு, கொஞ்ச நாளைக்குத்தான், மனசுல வச்சுக்கிடாதே" என்றார் தேவசிகாமணி. கொஞ்ச நாள் என்பது எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. வடிவமைப்பு மேசையில் இருந்த ஆள் அன்றைக்குச் சாயங்காலமே அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டப் போனார்.

புது கனெக்டர் போட்ட கார்டுகள் வந்தன. பானு ஒன்றைத் தன் மேசைப் பெட்டியில் செருகினாள். டிரைவரில் ஒரு சின்ன வரியை மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை மாற்றினாலும் பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டுத்தான் பார்ப்பாள். அதுதான் சுத்தம் என்பது அவள் கொள்கை. அன்றைக்கும் சுவிட்சுக்குக் கை போனது.

"யக்கா யக்கா, ஆஃப் பண்ணிராதீங்க!" என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஜெசி கத்தினாள். ஜெசி டெஸ்டிங் பிரிவு. "காலையில இருந்து அதுலதான் என் டெஸ்ட்டு ஓடுது. அணைச்சா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"சரி சரி, அணைக்கல" என்று பானு கட்டளை அடித்து டிரைவரை மட்டும் வெளியே எடுத்தாள். அடுத்த கட்டளையில் உள்ளே போட்டாள்.

உள்ளே வரவில்லை. திரையில் ஒரே வரி: இடம் ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கிறது.

பானு கார்டைப் பார்த்தாள். கார்டு செருகினபடி அப்படியே இருந்தது. யாரும் கழற்றவில்லை, மாட்டவில்லை, விரல் நுனிகூடப் படவில்லை. பின்னாவது, கனெக்டராவது! இன்னொரு தடவை அடித்தாள். அதே வரி.

அந்த இடத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்கவும் ஒரு கட்டளை உண்டு. கேட்டாள். பதிலாக வந்தது அவளுடைய டிரைவரின் பேர்தான். வெளியே அனுப்பின டிரைவர், உள்ளே தன் துண்டைப் போட்டு இடம் பிடித்துவைத்துவிட்டுப் போயிருந்தது. திரும்பி வந்து, 'இங்கே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று அதுவே புகார் சொன்னது.

விஷயம் இதுதான். டிரைவர் உள்ளே வரும்போது இயங்குதளத்திடம் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கும். அதை யார் பேரில் வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டால் போதும். அந்தப் பேருக்குரியவர் போகும்போது இயங்குதளமே எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி எடுத்துக்கொள்ளும். எழுதுகிறவள் தனியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளை கார்டுக்கு வாங்கினதைப் பிள்ளை பேரில் எழுத வேண்டும். பானு தாய் பேரில் எழுதியிருந்தாள். பிள்ளை போனாலும் தாய் போர்டு எங்கே போயிற்று? அது அங்கேயேதான் இருக்கிறது. அதன் பேரில் இருக்கிற சொத்தை இயங்குதளம் ஏன் தொடப்போகிறது!

தெரியாமல் எழுதவில்லை. அந்த வரியை எழுதினபோது என்ன நினைத்தாள் என்பதுகூட ஞாபகம் வந்தது. பிள்ளை கார்டு இன்றைக்கு இருக்கும், நாளைக்குக் கழற்றுவார்கள், தாய் பேரில் இருந்தால்தான் பத்திரம் என்று நினைத்தாள். அவள் வீட்டு வழக்கம் அது. வாப்பா வீடு கட்டினபோது, 'ஆம்பளப் பிள்ளை பேர்ல எழுதினா பறந்துரும், உம்மா பேர்ல இருக்கட்டும், அசையாது' என்றுதான் எழுதினார்கள். அசையவில்லை. இதுவும் அசையவில்லை.

அவள் வழக்கம்போலப் பெட்டியை அணைத்துப் போட்டுக்கொண்டே இருந்ததால் தாயும் சேர்ந்து போய், எல்லாம் துடைத்துக்கொண்டு வந்தது. அதனால் அவள் மேசையில் இந்தக் கோளாறு ஒருநாளும் வரவில்லை. மில்லில் தினமும் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் கூடத்தை மட்டுமா சொன்னாள்? கூடம் கட்டினவனின் ஊரையும் கையையும் அல்லவா சேர்த்துச் சொன்னாள்!

ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். டிரைவர் போயிற்று, வந்தது. மறுபடி போயிற்று, வந்தது. அப்புறம் இழுப்பறையில் கிடந்த கிளமென்ட்டின் பழைய கார்டை எடுத்தாள். பழைய கனெக்டர். துருப்பிடிக்கும் என்று அவள் சொன்ன அதே கை செய்தது. கழற்றி மாட்டினாள். அழகாக ஓடியது.

"என்னக்கா, சரியாயிட்டா?" என்றாள் ஜெசி.

"ம்."

"முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"ஏசி பத்தல" என்றாள் பானு. முக்காட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகம் எரிந்தது.

அன்றைக்கே தேவசிகாமணியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் அவர் அறை. எழுந்தாள், உட்கார்ந்தாள். என்னவென்று தொடங்குவது? கடைசியில் 'சிறு திருத்தம்' என்று மட்டும் குறித்து டிரைவரைச் சேர்த்துவிட்டாள். புது கனெக்டரும் புது டிரைவரும் ஒரே வண்டியில் மில்லுக்குப் போயின. கோளாறு நின்றது. கனெக்டர்தான் காரணம் என்று எல்லாருக்கும் ஊர்ஜிதம் ஆயிற்று.

"நம்ம பானு அன்னைக்கே சொன்னா பாத்தியளா?" என்று தேவசிகாமணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். பானு தலையைக் குனிந்துகொண்டு கீபோர்டைப் பார்த்தாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அல்லாஹ்வே, என்ன வெட்கக்கேடு!

வீட்டில் சோறு இறங்கவில்லை. மீரா முகைதீன் பார்த்துவிட்டுக் கேட்டான். "ஏளா பானு, மீன் பிடிக்கலையா? சொல்லு, என்னத்துக்கு இந்த மூஞ்சி?"

அவனிடமும் நேரே சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணுமில்ல மச்சான். ஆபீஸ்ல ஒருத்தி…" என்று தொடங்கிவிட்டாள். ஒருத்தி தப்புப் பண்ணிவிட்டு இன்னொருத்தர் மேல் போட்டாள், அவர் ஊரைச் சொல்லிப் பகடி பேசினாள், அவரை வேலை மாற்றிவிட்டார்கள், இப்போது தன் தப்பு என்று அவளுக்குத் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. முழுக்கதையையும் ஒரு மூன்றாம் மனுஷி தலையில் வைத்துச் சொன்னாள்.

மீரா முகைதீன் கையை உதறினான். "சீ! இப்படியும் ஒரு பொம்பளையா? நீ அவகூடப் பேச்சு வச்சுக்கிடாதே, சொல்லிட்டேன். இன்னைக்கு அவனுக்குப் பண்ணினதை நாளைக்கு உனக்குப் பண்ணுவா."

"அவ பயத்துல சொல்லாம இருக்கலாம்லா மச்சான்?"

"என்ன பயம்? பகடி பேசும்போது பயமில்லையோ? யாரு அவ? பேரு என்ன?"

"உங்களுக்குத் தெரியாது" என்றாள் பானு. அவனுக்குத் தெரியாதுதான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அப்படி ஒருத்தியை அவனுக்குத் தெரியவே தெரியாது. எழுந்து போய்க் குழாயடியில் நின்று, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

அப்போதும் அவள் சொல்லவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நினைக்க வேண்டாம். வெட்கம் ஒரு அளவுக்கு மேல் போனால் வாயைக் கட்டிவிடும். கடைசியில் அவள் வாயைத் திறக்கவைத்தது கிளமென்ட்தான். அதுவும் திட்டி அல்ல.

கேன்டீனில் கை கழுவுகிற இடம். கிளமென்ட் பக்கத்துக் குழாயில் நின்றார். விரல்களில் டேப்பின் பசை ஒட்டிக்கிடந்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினார்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். மில்லுல சரியாயிட்டுன்னாங்க. ரொம்ப சந்தோஷம். நீங்க மட்டும் அன்னைக்குச் சொல்லலன்னா, நான் பாட்டுக்கு அதே மாதிரி தப்பாப் போட்டுக்கிட்டே இருந்திருப்பேன். மீட்டர் வச்சுப் பாத்தும் எனக்குத் தெரியலையே, என்னத்தச் சொல்ல!"

பானு குழாயை மூட மறந்து நின்றாள்.

"வீட்டுல மிக்ஸி ஒயர் விட்டுப்போச்சு" என்றார் கிளமென்ட், சிரிக்கப் பார்த்துக்கொண்டே. "ஸ்டெஃபி சரி பண்ணித் தாங்கன்னா. கடையில குடுத்துருன்னுட்டேன். இப்பல்லாம் சால்டரிங் அயர்ன் எடுத்தாலே கை நடுங்குது மேடம்."

ஸ்டெஃபி அவர் மனைவி. அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பானுவுக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. இந்த மனுஷன் தன்னை நம்புவதை விட்டுவிட்டு அவளை நம்பியிருக்கிறார்! தன் கண்ணால் பார்த்த மீட்டரைவிட, அவள் வாயிலிருந்து விழுந்த ஒரு பகடியை நம்பியிருக்கிறார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் எழுந்து நின்றாள். ஜெசி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

"சார், மில்லுல வந்த கோளாறு கனெக்டர்னால இல்ல. என் டிரைவர்னாலதான். பிள்ளை பேர்ல எழுதவேண்டியதை நான் தாய் பேர்ல எழுதிட்டேன். அதனால டிரைவர் போனப்புறமும் இடத்தை விடல. புது கார்டு போறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லல. கிளமென்ட் கார்டு நல்ல கார்டு. அவரு கையைப் பத்தி நான் பேசினதும் அநியாயம்."

சொல்லிவிட்டு நின்றாள். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள். தேவசிகாமணி கத்துவார், வேலை போகும், குறைந்தது ரெண்டு பேராவது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று நினைத்தாள்.

தேவசிகாமணி சிரித்துவிட்டார். "அட, இதுக்குத்தான் இவ்வளவு பெரிய பீடிகையா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். பரவாயில்லம்மா, உக்காரு. யானைக்கும் அடி சறுக்கும்."

"பரவாயில்லக்கா, யாருக்குத்தான் தப்பு வரல?" என்றது இன்னொரு குரல்.

"தானா எழுந்து சொன்னா பாத்தியளா, அந்த நேர்மை யாருக்கு வரும்?" என்றார் தேவசிகாமணி. சொல்லிவிட்டு எல்லாருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். யாரோ கையும் தட்டிவிட்டார்கள்.

யானை சறுக்கினபோது அடியில் யார் கிடந்தார் என்று ஒரு ஆளாவது கேட்கவில்லை. பானுவுக்குக் காது அடைத்தது. "சார், கிளமென்ட்டை மேசைக்குத் திருப்பிக் கூப்பிடணும்" என்றாள்.

"கூப்பிடுவோம், கூப்பிடுவோம். இந்த மாச டெலிவரி முடியட்டும். பேக்கிங்லயும் ஆள் வேணும்லா? நான் பைய அவன்கிட்டச் சொல்லிக்கிடுதேன்."

"நானே சொல்லுதேன்" என்று பானு எழுந்தாள். டீ வருவதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

பேக்கிங் கொட்டகையில் கிளமென்ட் ஒரு பெட்டியை முழங்காலால் அமுக்கிக்கொண்டு டேப் இழுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் வேலையாட்கள். அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பேசலாமா என்று ஒரு நொடி ஆசை வந்தது. வேண்டாம் என்று அங்கேயே நின்று, எல்லார் காதிலும் விழ, மீட்டிங்கில் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். 'சிறு திருத்தம்' என்று எழுதி மறைத்ததையும் சொன்னாள். கடைசியில், "என்னை மன்னிச்சிருங்க கிளமென்ட்" என்றாள்.

டேப் சுருள் அவர் கையிலேயே இருந்தது.

"அப்போ என் கார்டு நல்லாத்தான் இருந்துதா?"

"நல்லா இருந்துது. பழைய கார்டை நானே போட்டுப் பாத்தேன். ஒரு குறையும் இல்ல."

"பின்னு எல்லாம்?"

"எல்லாம்."

அவர் மூச்சை இழுத்து விட்டார். கண் கலங்கினதா, கொட்டகைத் தூசியா, பானு நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மீட்டிங்ல சொல்லிட்டீங்களா மேடம்?"

"சொல்லிட்டேன். எல்லார் முன்னாலயும்."

"என்ன சொன்னாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். திட்டினார்கள் என்று சொல்லியிருந்தால் அவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், அவளுக்கும் முகத்தைத் தூக்க முடிந்திருக்கும். ஆனால் இனியும் ஒரு பொய்யா?

"பரவாயில்லன்னு சொன்னாங்க" என்றாள்.

"உடனேயா?"

"உடனே."

கிளமென்ட் தலையை ஆட்டினார். பெட்டியைத் திருப்பிப்போட்டு, அடிப்பக்கத்துக்கு டேப்பின் நுனியைத் தேடினார். கோபமாகப் பேசவில்லை. நடந்ததைத்தான் சொன்னார்.

"அன்னைக்கு என் தப்புன்னு நினைச்சப்போ, எனக்கு யாருமே அப்படிச் சொல்லலியே மேடம்."

அன்றைக்கு அந்த மீட்டிங் அறையில் அவள் இருந்தாள். அவளும் சொல்லவில்லை.